வாரகி கூப்பிட்ட திங்கட்கிழமை

ஜனவரி 5, திங்கள்

காலையில் பதினொரு பேருக்குக் காய்ச்சல் மாத்திரை. ஒருவனுக்குச் செம்பனை முள் உள்ளங்கையில் ஏறி முறிந்திருந்தது, கீறி எடுத்தேன். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருபத்தெட்டு வருடம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸராக இருந்தவனுக்கு இந்த வேலை ஒன்றும் புதிதில்லை. இடம்தான் புதிது. பாப்புவா நியூ கினியில் நியூ பிரிட்டன் தீவு, அதன் ஓரத்தில் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டம். வந்து இது மூன்றாவது மாதம்.

இன்னொரு புதுமை, கிளினிக் மூலையில் இருக்கும் ரேடியோ. கரையோரமும் தீவுகளிலுமாக நான்கு ஊர்களில் சின்னச் சின்ன மருந்துக் குடிசைகள் உண்டு. தினமும் காலை ஏழு மணிக்கு அவை ஒவ்வொன்றாக எங்களைக் கூப்பிடும். அரசாங்க ஆஸ்பத்திரி டவுனில் இருக்கிறது, கடல்வழியாக வெகு தூரம். பக்கத்தில் இருப்பது நாங்களும் தோட்டத்து ஸ்பீட் போட்டும்தான்.

இதுவரை ரேடியோவைப் பார்த்துக்கொண்டவள் என் உதவியாளர் மார்த்தா. இந்த ஊர்க்காரி, நாற்பது வயதுக்காரி, கெட்டிக்காரி. நாளை பிரசவப் பயிற்சிக்காக மூன்று வாரம் டவுனுக்குப் போகிறாள். மானேஜர் தேவசகாயம் கேட்டார்.

"ரேடியோவ சமாளிச்சிருவீங்களா, அமிர்தலிங்கம்?"

"என்ன பாஸ் இது. உடைஞ்ச இங்கிலீஷ்தானே? நாம பேசாத உடைஞ்ச இங்கிலீஷா?"

சிரித்துவிட்டுப் போனார். டோக் பிசின் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெண்கள் எல்லோருமே இதில் மேரி. குழந்தை பிக்கினினி. மருந்து கொடுக்கிற நானும் டோக்டா. சலிம் என்றால் அனுப்பு. முதல் வாரம் நான் யாரோ மலாய்க்காரர் வந்திருக்கிறார் என்று வாசலைப் பார்த்தேன். மத்தியானம் ஜெனரேட்டர் நின்றபோது மார்த்தா "மசின் இ டை" என்றாள். மிஷின் செத்துவிட்டதாம். அரை மணி நேரத்தில் அது மறுபடி ஓடியது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் சிரிக்கவில்லை.

போவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் "டோக் கென்" என்று எழுதி ரேடியோவுக்கு மேலே ஒட்டினாள். மறுபடி சொல் என்று அர்த்தம். "புரியலைன்னா வெக்கப்படாம இதச் சொல்லுங்க, டோக்டா" என்றாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் இருந்தது.

வியாழக்கிழமை அந்த நான்கில் ஒன்றான தாபுன் ஊருக்குப் போட்டில் போய்த் தடுப்பூசி போட வேண்டியது. முதுகு வலி என்று தள்ளி வைத்துவிட்டேன்.

ஜனவரி 7, புதன்

ரேடியோவில் இரண்டாம் நாள். நான்கு ஊர்களும் பேசின. எல்லாம் விளங்கியது. வயிற்றுப்போக்கு இரண்டு, கத்திக் காயம் ஒன்று, மருந்து கேட்டு ஒரு ஊர். ஒரு முறைகூட அந்தச் சீட்டைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் போட் ஓட்டும் அலிக் தேநீர் குடிக்க வந்தான். சாலமன் தீவுக்காரன். அவன் ஊரில் பேசுவதும் இதே வகைதானாம், அதற்குப் பிஜின் என்று பெயர். இன்னும் தெற்கே வனுவாட்டுத் தீவுகளில் பிஸ்லாமா. மூன்றும் ஒரு தாய்ப் பிள்ளைகள் மாதிரி, ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் தனிப் புத்தி என்றான். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் பல தீவு ஆட்களைக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் ஒன்றாக அடைத்தார்களாம். ஒருவன் பாஷை ஒருவனுக்குத் தெரியாது. துரை பேசிய இங்கிலீஷிலிருந்து சொற்களை எடுத்துத் தங்கள் பாஷை மாதிரி பேச ஆரம்பித்தார்களாம். நம் பாட்டன்கள் ரப்பர் பால்மரத் தோட்டத்தில் கற்றுக்கொண்ட சந்தை மலாயும் இப்படித்தானே என்று நினைத்துக்கொண்டேன். அவனிடம் சொல்லவில்லை.

"அடுத்த வாரம் காத்து மாறும், டோக்டா. தாபுனுக்குப் போறதுன்னா நாளைக்கே போயிரலாம்" என்றான்.

முதுகு இன்னும் சரியாகவில்லை என்றேன்.

ஜனவரி 10, சனி

மழை. மழை. மழை.

ஜனவரி 12, திங்கள்

காற்று மாறிவிட்டது. படுக்கையிலிருந்தே கடல் கேட்கிறது. படகுத் துறை ஜெட்டியின் கடைசிப் பலகை தெரியவில்லை. அலை அதன் மேலே ஏறி விழுகிறது.

மற்ற மூன்று ஊர்களும் பேசி முடித்து அணைத்த பிறகு, ஏழு இருபதுக்கு வாரகித் தீவு கூப்பிட்டது. அங்கே மருந்துக் குடிசையைப் பார்த்துக்கொள்பவன் கிடியோன். ஒரே இரைச்சல். மேரி, பிக்கினினி, ரத்தம் என்று காதில் விழுந்தது. பிறகு தெளிவாக: "மேரி இ டை. டோக்டா, மேரி இ டை. சலிம் போட். சலிம் போட்."

பிரசவத்தில் ஒரு பெண் இறந்துவிட்டாள். நானும் சும்மா இருந்துவிடவில்லை. "மேரி இ டை?" என்று கேட்டேன். "யெஸ், யெஸ், இ டை" என்றான். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. போட் எதற்கென்று யோசித்தேன். உடலை அவள் பிறந்த ஊருக்குக் கொண்டுபோகக் கேட்கிறார்கள் போலிருக்கிறது. இந்தக் கடலில் உயிரோடு இருப்பவர்களை அனுப்பவே ஆகாது. "சோரி துமாஸ்" என்றேன், மிகவும் வருந்துகிறேன் என்று. போட் வர முடியாது என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் ஒரு நிமிடம்போல வேகவேகமாக ஏதோ பேசினான். இரைச்சலில் ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் நின்றுவிட்டது.

ரேடியோ புத்தகத்தில் எழுதினேன்: வாரகி. பிரசவத்தில் பெண் மரணம். படகு தேவையில்லை.

மானேஜரிடம் சொன்னேன். "ஐயோ பாவம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒரு வகைக்கு நல்லதாப் போச்சு லா. இந்த அலையில போட்ட அனுப்பியிருந்தா நாலு பேர் உயிருக்கு யாரு பதில் சொல்றது?" என்றார்.

அவர்தான் அப்படிச் சொன்னார். மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜனவரி 13, செவ்வாய்

மூன்று ஊர்கள் பேசின. வாரகி இல்லை. வெயில் இல்லாததால் அவர்களுடைய பேட்டரி ஏறியிருக்காது. துக்க வீடு வேறு.

மருந்து அலமாரியைத் துடைத்து அடுக்கினேன். சேலைன் பாட்டில் இருபத்திரண்டு. கெட்டுப்போன இருமல் மருந்து ஆறு.

ஜனவரி 14, புதன்

வாரகி பேசவில்லை. காலையில் இரண்டு மணி நேரம் கடல் அடங்கியிருந்தது. அலிக் ஜெட்டியில் நின்று எஞ்சினை ஓட்டிப் பார்த்தான். கிளினிக் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் உள்ளே போய்விட்டேன்.

ஊரில் இருக்கும் என் மனைவி இந்திராணியோடு ஆபீஸ் போனில் பேசினேன். ஒரு பெண் பிரசவத்தில் செத்துப்போனதைச் சொன்னேன்.

"ஐயோ, எத்தன வயசுங்க?"

தெரியாது என்றேன். பெயர்? அதுவும் தெரியாது.

"என்னங்க நீங்க, ஒண்ணுமே கேக்கலியா?"

"ரேடியோவுல சரியா கேக்கல, இந்திரா."

"சரி, நீங்க கடல் பக்கம் போயிராதீங்க. வந்த அன்னைக்கு போட்டுல நீங்க பட்ட பாட நினைச்சாலே எனக்கு இங்க தூக்கம் வர்றதில்ல."

இவளிடம் அதையெல்லாம் எதற்குச் சொன்னேனோ.

ஜனவரி 15, வியாழன், காலை

போட் கிளம்ப இன்னும் முக்கால் மணி இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

ஏழு மணிக்கு முதலில் தாபுன் வந்தது. வாரகியிலிருந்து நேற்று ஒரு வள்ளம் அங்கே வந்து சேர்ந்ததாம். அலையில் ஒரு பகல் முழுக்கத் துடுப்புப் போட்டிருக்கிறார்கள். கிடியோன் சொல்லியனுப்பிய சேதி: பேட்டரி போய்விட்டது. நவோமிக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போகிறது. போட் இன்றைக்காவது வருமா?

யார் நவோமி என்றேன்.

"திங்கக்கிழமை சொன்னாங்களே, டோக்டா. பிள்ள பெத்த பொண்ணு."

"அந்தப் பொண்ணு இ டைன்னு சொன்னாங்களே."

"ஆமா, ரத்தம் போயி இ டை. அப்புறம் எழுந்திருச்சிட்டா. மறுபடி ரெண்டு தடவ இ டை. இப்ப கண்ண முழிச்சிருக்கா, ஆனா உடம்பு நெருப்பா இருக்காம்."

இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு தாபுன்காரன் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல், சொன்னான். "டோக்டா, இ டை. டை பினிஸ் இல்ல. டை பினிஸ்னாதான் செத்துட்டாங்கன்னு அர்த்தம்."

டை என்றால் மயங்கி விழுவது. நின்றுபோவது. அணைந்துபோவது. பினிஸ் சேர்ந்தால்தான் முடிந்துபோவது. மூன்று நாள்.

மானேஜரிடம் ஓடினேன்.

"வாரகிக்கு போட் வேணும் பாஸ். ஒரு பொண்ணு ரொம்ப ஆபத்தா இருக்கா."

"வாரகியா? அன்னைக்குத்தான ஒருத்தி செத்தான்னீங்க?"

"இது... இது இன்னிக்கு வந்த சேதி பாஸ்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "கடலப் பாத்தீங்களா நீங்க? முடியாது லா, அமிர்தலிங்கம்."

"நான் போறேன்."

"நீங்களா?"

"நானும் அலிக்கும் மட்டும். எழுதிக் குடுக்கணும்னாலும் எழுதிக் குடுக்குறேன் பாஸ்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். சாவியை மேஜைமேல் வைத்தார்.

ரேடியோ புத்தகத்தில் 12ஆம் தேதிப் பக்கத்தில் காபி கொட்டிவிட்டது. அந்தத் தாளை எடுத்துவிட்டு, அந்த நான்கு நாளையும் வேறு தாளில் திருத்தமாக எழுதி வைத்தேன்.

ஜனவரி 16, வெள்ளி, டவுன் ஆஸ்பத்திரி

நேற்றைய நாளை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். முகத்துவாரத்தைத் தாண்டியதும் போட் ஒரு சுவர்மேல் ஏறி மறுபக்கம் விழுந்தது. அதற்குப் பிறகு எல்லாமே சுவர்கள். மருந்துப் பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றின் மீதியை என் இடுப்பில் சுற்றி இருக்கையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். வாந்தி எடுத்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லாத பிறகும் எடுத்தேன். சத்தம் போட்டு முருகா முருகா என்று கத்தியதாக அலிக் பிறகு சொன்னான். பாதி வழியில் குனிந்து கேட்டான்.

"முதுகு எப்படி இருக்கு, டோக்டா?"

"முதுகா?" என்றேன்.

அவன் முன்னால் திரும்பிக்கொண்டான்.

நண்பகலில் வாரகி. தண்ணீரில் இடுப்பளவு இறங்கி நின்ற ஆட்கள் போட்டைப் பிடித்து இழுத்தார்கள். யாரோ என்னைத் தூக்கிக் கரையில் வைத்தார்கள்.

நவோமிக்குப் பத்தொன்பது வயது. முதல் பிரசவம். பாயில் கிடந்தாள். காய்ச்சல் நூற்றி நான்கு. நாடி ஓடியது, எண்ண முடியவில்லை. வயிற்றில் கை வைத்ததும் முனகினாள். நஞ்சுக்கொடி முழுவதும் வெளியே வரவில்லை, உள்ளே தங்கியது அழுகிக்கொண்டிருந்தது. குடிசைக்குள் நுழைந்தபோதே நாற்றத்தில் தெரிந்துவிட்டது. இரண்டு கையிலும் சேலைன் ஏற்றினேன், ஊசி போட்டேன், எடுக்க முடிந்த துண்டுகளை எடுத்தேன். கத்தவில்லை அவள். கத்தத் தெம்பில்லை. எல்லாம் முடிந்து முகம் துடைத்தபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "யூ கம்" என்றாள். வந்துவிட்டாய்.

குழந்தை நன்றாக இருக்கிறது. பெண் குழந்தை. அவளுடைய அக்காள் பால் கொடுக்கிறாள்.

கிடியோனை முதல்முறை நேரில் பார்த்தேன். மெலிந்த மனிதன், நரைத்த தாடி. நவோமியைத் தூக்கிக்கொண்டு போகும்போது என் பக்கத்தில் நடந்து வந்தான்.

"திங்கக்கிழமை நீங்க சோரின்னு சொன்னீங்க, டோக்டா."

"ரேடியோ சரியா கேக்கல" என்றேன்.

"எனக்கு நல்லாக் கேட்டுச்சு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

அங்கிருந்து நேராக டவுன். நான்கு மணி நேரம். நவோமியின் தலை என் மடியில். அவள் புருஷன் கெப்பாஸ், சின்னப் பையன் முகம், சேலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடியே வந்தான், கை மாற்றவே இல்லை. இந்த நான்கு மணி நேரத்தில் எனக்கு வாந்தி வரவில்லை. அலை குறைந்ததாலா, வேறு எதனாலா, தெரியாது.

இன்று காலை ஆபரேஷன்.

ஜனவரி 17, சனி

உயிர் தங்கிவிட்டது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வேறு வழி இல்லை, சீழ் பரவியிருந்தது என்றார் டாக்டர். என்னையும் ஒரு டாக்டர் என்று எண்ணி இங்கிலீஷில் பேசினார். "முதல் நாளோ இரண்டாம் நாளோ கொண்டுவந்திருந்தால் எடுக்கவேண்டி வந்திருக்காது. ஆனால் இந்தத் தீவுகளில் யாரைக் குறை சொல்வது? சேதி உங்களுக்கு எப்போது கிடைத்தது?"

"வியாழக்கிழமை" என்றேன்.

மார்த்தா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பயிற்சி அதே ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. டாக்டர் சொன்னதை அவள்தான் கெப்பாஸுக்கு டோக் பிசினில் எடுத்துச் சொன்னாள். இனிமேல் பிள்ளை பிறக்காது என்பதையும். கெப்பாஸ் தரையில் உட்கார்ந்தான். பிறகு அவளிடம் ஏதோ சொன்னான். எனக்கு விளங்கியது. நாங்கள் திங்கட்கிழமையே கூப்பிட்டோமே என்றான்.

மார்த்தா திரும்பினாள். என்னைப் பார்த்தாள். நான் போய்ச் சாப்பிட ஏதாவது வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

ஜனவரி 21, புதன்

தோட்டம் திரும்பியாயிற்று. ஜெட்டியில் ஆட்கள் கைதட்டினார்கள். மானேஜர் என் தோளில் தட்டினார். நான் புயலில் போய் ஒரு உயிரைக் காப்பாற்றியதைக் கோலாலம்பூருக்கு எழுதிப் போட்டிருக்கிறாராம். கம்பெனிப் பத்திரிகையில் போட, ஒரு போட்டோ வேண்டுமாம்.

சவரம் செய்துகொண்டு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 26, திங்கள்

மார்த்தா வேலைக்குத் திரும்பினாள். ஏழு மணி ரேடியோவை அவளே எடுத்துக்கொண்டாள். முடிந்ததும் புத்தகத்தைப் பின்னுக்குப் புரட்டினாள். நான் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"பன்னெண்டாம் தேதியும் பதினஞ்சாம் தேதியும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே நேரத்துல எழுதின மாதிரி இருக்கு" என்றாள். "பன்னெண்டாம் தேதி 'வாரகி, சத்தம் சரியில்லை'ன்னு மட்டும் இருக்கு."

"காபி கொட்டிருச்சு."

"நீங்க காபி குடிக்க மாட்டீங்களே, டோக்டா."

பஞ்சு கையிலேயே இருந்தது. அவள் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"நீங்க சோரின்னு சொன்னத கெப்பாஸ் சொன்னான். டைன்னு சொன்னா என்னன்னு தெரியாதது தப்பில்ல. எங்க ஊருக்கு வந்த பாதிரியாருக்கே தெரியாமப் போயிருக்கு. ஆனா மேல ஒட்டியிருக்கேனே ரெண்டு வார்த்த. அத ஏன் சொல்லல?"

"நான் கேட்டேன் மார்த்தா. மேரி இ டைன்னு கேட்டேன். அவனும் ஆமான்னான்."

"செத்தவளுக்கு எதுக்கு போட்டுன்னு கேட்டீங்களா?"

அடுத்த நோயாளி வந்துவிட்டான். கால் புண். இருபது நிமிடம் கட்டினேன்.

ஜனவரி 27, செவ்வாய்

காபி கொட்டவில்லை. தாளைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டேன்.

முதுகு வலியும் கிடையாது. வந்ததிலிருந்து நான்கு முறை தீவுகளுக்குப் போக வேண்டியிருந்தது, நான்கு முறையும் மார்த்தாதான் போனாள்.

இவ்வளவு எழுதிவிட்டேன், இதையும் எழுதிவிட வேண்டும். அன்று கிடியோன் சலிம் போட் என்று இரண்டாம் முறை கத்தினபோது ஏதோ இடித்தது. செத்தவளுக்காக ஒருவன் இப்படிக் கத்தமாட்டான். அந்தக் குரலை எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடம் நான் தோட்டத்து லயத்து வீடுகளில் அந்தக் குரலுக்குத்தான் எழுந்து ஓடியிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே ஜெட்டியின் பலகைமேல் அலை ஏறிக்கொண்டிருந்தது. இறந்துவிட்டாள் என்று வைத்துக்கொண்டால் போக வேண்டியதில்லை. அப்படியே வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 30, வெள்ளி

வாரகியிலிருந்து வள்ளத்தில் சாமான் வந்தது. இரண்டு கூடை சேப்பங்கிழங்கு, ஒரு கோழி, நவோமியின் அக்காள் பின்னிய ஒரு பை. புயலில் வந்த டோக்டாவுக்கு என்று சொல்லி இறக்கிவிட்டுப் போனார்கள்.

இந்திராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த மார்த்தாவத் தவிர யாருக்கும் தெரியாதில்ல?" என்றாள்.

"தெரியாது."

"அப்ப விட்டுருங்க. வேணும்னா செஞ்சீங்க? கடைசில நீங்கதான போயி கூட்டிட்டு வந்தீங்க. இன்னும் ஏழு மாசம், முடிச்சிட்டு வந்துருங்க."

"அந்தப் பொண்ணு வீட்டு ஆளுங்க என்னக் கும்பிடாத குறையா சாமான் குடுத்து அனுப்புறாங்க இந்திரா."

"கும்பிடட்டும். என்ன இப்ப?"

அவள் அப்படிப்பட்டவள் இல்லை. எனக்காகச் சொல்கிறாள்.

பிப்ரவரி 4, புதன்

கம்பெனிப் பத்திரிகையில் வரப்போகும் செய்தியை மானேஜர் படித்துக் காட்டினார். சேதி கிடைத்த ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பினேனாம்.

அதைப் போட வேண்டாம் என்றேன். ஏன் என்றார். சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"மார்த்தாவுக்கு."

"மார்த்தா பேசமாட்டா. அவளுக்கு வேலை வேணும். நீங்களும் பேசாதீங்க. கம்பெனி மேல கேஸ் வரும். ஊர்க்காரன் ரோட்ட மறிப்பான். தெரியுமா உங்களுக்கு, இங்கெல்லாம் என்ன நடக்கும்னு?"

"அவங்களுக்குத் தெரியணும் பாஸ். திங்கக்கிழம கூப்பிட்டும் நாங்க வரலன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. அடுத்த தடவ கூப்பிடலாமா வேணாமான்னு யோசிப்பாங்க."

"ரேடியோவத் தொட்டீங்கன்னா அடுத்த கப்பல்ல ஊருக்குப் போயிருவீங்க. யோசிச்சுக்குங்க, அமிர்தலிங்கம். நல்லவர் நீங்க. எதுக்கு இந்த வேலை?"

பிப்ரவரி 7, சனி

நவோமி வீட்டுக்குப் போய்விட்டாளாம். அலிக்தான் கொண்டுபோய் விட்டு வந்தான். நடக்கிறாள், ஆனால் யாரிடமும் பேசுவதில்லை என்றான்.

மாலையில் மார்த்தாவை உட்காரவைத்து, சொல்ல வேண்டியதை டோக் பிசினில் சொல்லிப் பார்த்தேன். திருத்தினாள். மறுபடி சொன்னேன். மறுபடி திருத்தினாள். எனக்காக நீ சொல்லிவிடு என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவளும் சொல்கிறேன் என்று சொல்லவில்லை.

இன்று துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

வெயில். எல்லா ஊர்களின் பேட்டரியும் ஏறியிருந்தது. ஏழு மணிக்கு நான்கு ஊர்களும் ஒரே அலைவரிசையில் இருந்தார்கள். ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். மார்த்தா எழுந்து நாற்காலியை எனக்குத் தந்தாள்.

வாரகியைக் கூப்பிட்டேன். கிடியோன் வந்தான். நவோமியும் கெப்பாஸும் வர முடியுமா என்றேன். காத்திருந்தேன். பத்து நிமிடம் இருக்கும். யாரும் குறுக்கே பேசவில்லை. பிறகு வந்துவிட்டார்கள் என்றான்.

சொன்னேன். ஜனவரி பன்னிரண்டாம் தேதி நீங்கள் கூப்பிட்டீர்கள். ரேடியோ நன்றாகத்தான் கேட்டது. டை என்றீர்கள், டை பினிஸ் என்று நான் எடுத்துக்கொண்டேன். மறுபடி சொல் என்று கேட்கவில்லை. புத்தகத்தில் இறந்துவிட்டாள் என்று எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்தேன். கெப்பாஸிடம் மறைத்தேன். கிடியோனிடமும் டாக்டரிடமும் பொய் சொன்னேன். மூன்று நாள் என்னால் போயிற்று. நவோமிக்குப் போனது என்னால் போனது.

பாதியில் சொல் வராமல் இரண்டு இடத்தில் நின்றேன். மார்த்தா எடுத்துக் கொடுக்கவில்லை. நானே தேடிச் சொன்னேன்.

இரைச்சல் மட்டும். அதன் பின்னால் யாரோ ஆண்குரல் கத்தியது, கெப்பாஸாக இருக்கும். ஏதோ உருண்டு விழுந்தது. அந்த நேரத்தில் வாசலில் மானேஜர் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

பிறகு ஒரு பெண்குரல். மெல்லியது. அது நவோமி என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஏன் மறுபடி கேக்கல?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

இரைச்சல், காற்று, புது ஆள், பாஷை தெரியாதவன் என்று சொல்வதற்கு நிறைய இருந்தது. டோக் பிசினில் அவற்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான்.

"மி பிரெட் லோங் சோல்வாரா" என்றேன். எனக்குக் கடல் என்றால் பயம்.

நான்கு ஊரும் கேட்டுக்கொண்டிருந்தது. வாசலில் மானேஜர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எங்கோ ஒரு சேவல் கூவியது ரேடியோ வழியாகக் கேட்டது, வாரகியிலோ தாபுனிலோ.

"மி ஹாரிம்" என்றாள் நவோமி. கருவியை யாரிடமோ கொடுத்துவிட்டுப் போகும் சத்தம் கேட்டது. கிடியோன் வந்து, வயிற்றுப்போக்கு ஒரு பிள்ளைக்கு, கால் வீக்கம் ஒருவருக்கு என்று அன்றைய நோயாளிகளைச் சொல்ல ஆரம்பித்தான். எழுதிக்கொண்டேன்.

மி ஹாரிம் என்றால் கேட்டேன் என்று அர்த்தம். விளங்கியது என்றும் அர்த்தம். மன்னித்தேன் என்றும் அதற்கு ஓர் அர்த்தம் உண்டா என்று மார்த்தாவைக் கேட்டேன்.

இல்லை என்றாள்.